வலிப்பைப் பார்த்தவர் பேச வேண்டும்

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் நான் முன்பு குடியிருந்த வட்டாரத்தில் எட்டு வீடுகள், பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். எட்டு வீட்டில் ஏழு நம்மவர்கள். கடைசி வீட்டுக்காரர் பீனியாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை பார்த்தவர். தர்மபுரிப் பக்கத்தைச் சேர்ந்தவர். அவருடைய பையனுக்கு அப்போது ஆறு வயது. ஒரு சனிக்கிழமை காலை பையனுக்கு எண்ணெய் தேய்த்து, ஆவி பறக்கும் தண்ணீரை அவனுடைய பாட்டி தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். நாலைந்து சொம்பு ஊற்றியிருப்பார். பையன் திடீரென்று பேச்சை நிறுத்தி ஒரு பக்கமாக வெறித்துப் பார்த்தான். சம்பந்தமில்லாமல் ஏதோ முணுமுணுத்தான். பிறகு கை கால் இழுத்துக்கொண்டு ஈரத் தரையிலேயே சாய்ந்துவிட்டான்.

கூச்சல் கேட்டு வட்டாரமே திரண்டது. ஒருவர் சாவிக் கொத்தைக் கொண்டுவந்து பையனின் கையில் திணித்தார். பல் கட்டிக்கொள்ளக் கூடாதென்று இன்னொருவர் கரண்டிக் காம்பை வாய்க்குள் நுழைத்தார். முன்பல் ஒன்று உடைந்து ரத்தம் வந்தது. ஓர் அம்மாள் தண்ணீர் புகட்டப் பார்த்தார். நானும் சும்மா இருக்கவில்லை. அவன் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு எழுத்துப் படித்த குமாஸ்தா என்ற பெயர் அந்த வட்டாரத்தில் எனக்கு உண்டு. அன்று அந்தப் படிப்பு எதற்கும் உதவவில்லை. நாங்கள் அத்தனை பேரும் செய்த அத்தனையும் தவறு என்பது எனக்குப் பல மாதங்கள் கழித்தே தெரிந்தது.

தகப்பனார் அப்போது முதல் ஷிப்டில் இருந்தார். சாயங்காலம் வந்து பையனைத் தெரு முனை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். "ஜன்னி கண்டுவிட்டது" என்றார். டாக்டர் காய்ச்சலுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் மறுபடி வந்தது. பிறகு ஊருக்குப் போனார்கள். மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். பாட்டியின் வேண்டுதலுக்காக இரண்டு கோயில்கள். இப்படியே பதினாறு மாதம் ஓடிற்று. கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் துணைக்குப் போயிருந்தேன். அங்கேயும் கேள்விகளுக்கெல்லாம் தகப்பனாரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கன்னடத்துக்காரர், உடைந்த தமிழில், "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். அவர் விழித்தார். ஒரு தடவைகூட அவர் பார்த்ததில்லை. கதவோரம் நின்ற தாயாரை டாக்டரம்மா முன்னே கூப்பிட்டார். அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார்: "தலைக்குச் சுடுதண்ணி ஊத்தும்போதுதாங்க வருது. மத்த நேரத்துல வந்ததே இல்லை."

பதினாறு மாதமாக யாரும் அந்த அம்மாளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் மாதமே நோய் இன்னதென்று தெரிந்திருக்கும்.

சுடுநீர் வலிப்பு என்று ஒன்று இருக்கிறது. உலகத்தில் மற்ற இடங்களில் அபூர்வமானது. நம் தென்னாட்டில், அதிலும் கர்நாடகத்தில், அத்தனை அபூர்வமல்ல. பெங்களூர் நரம்பியல் டாக்டர்கள் இதைப் பற்றி அரை நூற்றாண்டாக எழுதி வருகிறார்கள். நன்கு காய்ந்த தண்ணீரைத் தலையில் மொண்டு மொண்டு ஊற்றுகிற நம் வழக்கமே இதைத் தூண்டுகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு அதிகம். தண்ணீரின் சூட்டைக் குறைப்பது, தலையில் ஊற்றாமல் ஈரத் துணியால் துடைப்பது ஆகியவற்றாலேயே பலருக்கு அடங்கிவிடுகிறது. அடங்காதவர்களுக்குத் தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும், குளிப்பதற்கு முன்பு கொடுக்கும்படி டாக்டர்கள் குளோபசாம் என்ற மாத்திரையை எழுதிக் கொடுப்பதுண்டு. சிலருக்குப் பின்னாளில் குளிக்காத நேரத்திலும் வலிப்பு வருவதால் தினசரி மருந்து தேவைப்படும். ஆகவே இதிலும் டாக்டரின் பார்வை அவசியம். எங்கள் வட்டாரத்துப் பையனுக்கு வேண்டியிருந்தது பெரும்பாலும் இன்னும் ஒரு வாளி பச்சைத் தண்ணீர்தான்.

நம்மவர்களில் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனதும், "ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், எல்லாம் தெரிந்துவிடும்" என்கிறார்கள். கடன் வாங்கியாவது எடுக்கிறார்கள். ஸ்கேனுக்கு உபயோகம் உண்டு, மறுக்கவில்லை. மூளையில் கட்டி, பழைய காயம், நாடாப்புழு முட்டையால் உண்டாகும் சின்னக் கட்டி இவற்றை அது காட்டும். (இந்த நாடாப்புழு விஷயத்தில், "நாங்கள் பன்றிக்கறி தொடுவதில்லையே" என்று பலர் வாதாடுவார்கள். சரியாகக் கழுவாத காய்கறி, சோப்புப் போடாத கை இவற்றின் வழியாகவும் அந்த முட்டை சைவர் வயிற்றுக்குள் போகும்.) ஆனால் வலிப்பு வந்து போன பிறகு எடுக்கும் ஸ்கேன் பல குழந்தைகளுக்குச் சுத்தமாகவே இருக்கும். தலையில் ஒயர்களை ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி. என்ற மூளை மின்வரைபடமும் இரண்டு வலிப்புகளுக்கு நடுவே சரியாகவே காட்டலாம். வந்தது வலிப்பா, மயக்கமா, வேறு ஏதாவதா என்று டாக்டர் முடிவு செய்வது பெரும்பாலும் பார்த்தவர் சொல்வதைக் கொண்டுதான். பார்த்தவர் யார்? பத்தில் எட்டு வீட்டில் தாயார் அல்லது பாட்டி. ஆஸ்பத்திரியில் பேசுபவர் யார்? பகலெல்லாம் வேலைக்குப் போன தகப்பனார். பிற மாநிலத்தில் இருக்கிற நமக்கு இந்தக் கோளாறு இரட்டிப்பு. வெளியே போய் நாலு பாஷை கற்றவர் அவர். வீட்டோடு இருக்கிற அம்மாளுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். பாஷை தெரிந்தவர் பேசட்டும் என்று விட்டுவிடுகிறோம். அவர் மொழிபெயர்த்தால் போதும். சொல்ல வேண்டியவர் அந்த அம்மாளே.

எதைக் கவனிக்க வேண்டும்? எந்த நேரம், தூங்கும்போதா, விழித்திருக்கும்போதா, அதற்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தது, முதலில் எந்தக் கை அல்லது எந்தப் பக்கம் இழுத்தது, கண்ணும் தலையும் எந்தப் பக்கம் திரும்பின, கூப்பிட்டால் தெரிந்ததா, கடிகாரப்படி எத்தனை நிமிஷம், தெளிந்த பிறகு ஒரு கை பலவீனமாக இருந்ததா. கையில் செல்போன் இருந்தால், ஒருவர் குழந்தையைக் கவனிக்க மற்றொருவர் அதைப் படம் எடுத்து வைப்பது மிக நல்லது. அந்த ஒரு நிமிஷப் படத்தை ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுக்கும் பரிசோதனையைவிட மேலாக மதிக்கும் டாக்டர்கள் உண்டு.

வந்த சமயத்தில் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகிலுள்ள கூரிய, கெட்டியான சாமான்களை அகற்றி, கழுத்துப் பொத்தானைத் தளர்த்திவிட்டு, மணியைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாய்க்குள் கரண்டி, துணி, விரல் எதுவும் கூடாது. தண்ணீர் கூடாது. அமுக்கிப் பிடிக்கக் கூடாது. இரும்புச் சாவிக்கும் வலிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த இரண்டு நிமிஷத்தில் சாவி கையில் இருந்ததால் சாவிக்குப் பெயர் வந்துவிட்டது. வெங்காயத்துக்கும் செருப்புக்கும் அப்படித்தான். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலும், தெளியாமலேயே அடுத்தடுத்து வந்தாலும், மூச்சு சிரமப்பட்டாலும், தலையில் அடிபட்டாலும், தண்ணீரில் விழுந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். முதன்முதலாக வந்த வலிப்பு உடனே நின்றுவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். அடிக்கடி நீண்ட வலிப்பு வருகிற குழந்தைகளுக்கு மூக்கில் அடிக்கும் மிடாசோலம் மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளும்படி டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். எப்போது, எவ்வளவு என்பதைத் தாயாரே நேரில் கேட்டுக் கற்றுக்கொள்வது நல்லது.

நாம் ஜன்னி என்று சொல்வது பெரும்பாலும் காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, 100 குழந்தைகளில் 2 முதல் 5 குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு சேர்ந்து ஒரு தடவையாவது வரும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், சில நிமிஷத்தில் நின்றுவிடும் இவ்வகை வலிப்பு மூளையைக் கெடுப்பதில்லை. மூன்றில் ஒரு குழந்தைக்கு மறுபடி வரலாம். பெரும்பாலோருக்கு வயது ஏறியதும் நின்றுவிடும். காய்ச்சலைக் குறைக்கப் பாராசிட்டமால் கொடுக்கலாம். அது உடம்பு வேதனையைத் தணிக்கும், வலிப்பைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். ஆனால் காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, தட்டி எழுப்பினாலும் எழாத மயக்கம் இருந்தால் அது மூளைக் காய்ச்சலாக இருக்கக் கூடும். அப்போது ராத்திரி என்று பார்க்கக் கூடாது. காய்ச்சலே இல்லாமல் வந்த வலிப்பையும் ஜன்னி என்று சொல்லித் தட்டிக் கழிக்கக் கூடாது. எங்கள் லேத்காரர் செய்தது இதைத்தான்.

கை கால் இழுத்தால்தான் வலிப்பு என்பதில்லை. இதுதான் நம் வீடுகளில் அதிகம் தவறிப் போகிறது.

மூன்று மாதம் முதல் ஒரு வயதுக்குள், தூங்கி எழுந்ததும் குழந்தை திடுக்கிட்டது போலக் கைகளை விரித்து, தலையைச் சலாம் போடுவது போல முன்னே கவிழ்க்கும். ஒரு தடவை அல்ல, சில விநாடிக்கு ஒரு முறையாக வரிசையாகப் பல தடவை. வயிற்று வலி என்று ஓம வாட்டர் கொடுப்பார்கள். உரம் விழுந்துவிட்டது என்று உரம் எடுப்பவரிடம் கொண்டுபோவார்கள். உண்மையில் குழந்தை வலிப்புகளில் மிக அவசரமானவற்றில் இது ஒன்று. வாரக்கணக்கில் தாமதித்தால் குழந்தையின் அறிவு வளர்ச்சியே நின்றுபோகலாம். ஒரு நாள் பார்த்தவுடன் மறுநாளே குழந்தைகள் நரம்பியல் டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். ஊரிலிருந்து பெரியம்மா வரட்டும் என்று காத்திருப்பதற்கில்லை.

இன்னொன்று பள்ளிக்கூடத்தில் நடக்கும். பையன் எழுதிக்கொண்டே இருப்பான். திடீரென்று பத்து விநாடி சிலையாக வெறிப்பான். கண் இமை மட்டும் துடிக்கும். பிறகு ஒன்றும் நடக்காதது போல எழுதுவான். ஒரு நாளில் பத்துத் தடவையும் வரும், ஐம்பது தடவையும் வரும். வாத்தியாரம்மா, "உங்கள் பையனுக்குக் கன்னடம் ஏறவில்லை, கவனமே இல்லை" என்று சீட்டு அனுப்புவார். தகப்பனாரும், தமிழ்ப் பிள்ளை, பாஷை புரியவில்லை போலிருக்கிறது என்று டியூஷன் வைப்பார். இரண்டு அடியும் வைப்பார். பாவம், அந்தப் பிள்ளைக்கு அது நடந்ததே தெரியாது. மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும் வலிப்பு இது. கூப்பிட்டால், தொட்டால் சட்டென்று திரும்புகிறானா என்று பார்த்தாலே கனவு காண்பதா, வலிப்பா என்பதில் பாதி தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, வலிப்பு அல்லாததை வலிப்பு என்று அஞ்சுவதும் உண்டு. கேட்டதைக் கொடுக்காவிட்டால் வீறிட்டு அழுது, மூச்சை அடக்கி, நீலம் பாரித்துத் துவண்டு விழும் குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். அழுகைக்குப் பிறகுதான் அது வரும். அனேகமாகக் கெடுதலற்றது, ரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவா என்று டாக்டர் பார்ப்பார்.

தலைவலி விஷயத்திலும் குழந்தை சொல்வதை நம்புகிறவர்கள் குறைவு. பள்ளிக்கூடம் போகாமலிருக்கப் பொய் என்கிறோம்; அல்லது கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போகிறோம். குழந்தைகளுக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு. பெயர்தான் ஒற்றை; குழந்தைகளுக்கு இரண்டு பக்கமும் நெற்றியிலும் வலிக்கும். வாந்தி எடுத்து, இருட்டறையில் படுத்துத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். தாயாருக்கோ தகப்பனாருக்கோ அது இருக்கும். காலையில் வெறும் வயிற்றோடு ஓடுவது, தூக்கம் கெடுவது, வெயில் ஆகியவை கிளப்பிவிடும். பத்துக்குப் பத்து அறையில் நள்ளிரவு வரை டி.வி. ஓடினால் பிள்ளைக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? பெட்டிக்கடை மாத்திரை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. எந்த வலி மாத்திரையையும் வாரத்தில் பல நாள் தின்றால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும்.

பயப்பட வேண்டிய தலைவலி வேறு. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விடியற்காலை வாந்தியோடு வரும் வலி, வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும் வலி, புதிதாக மாறுகண் அல்லது இரட்டைப் பார்வை, நடையில் தள்ளாட்டம், அடிபட்ட பின் வரும் வலி, ஐந்து வயதுக்குட்பட்ட சின்னக் குழந்தை சொல்லும் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் கண்ணாடிக் கடைக்கல்ல, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி மறைப்பதைப் பற்றி. எங்கள் வட்டாரத்துப் பாட்டி அன்றைக்கே எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார், வெளியே சொல்லக் கூடாதென்று. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார், பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள் என்ற பயம். பெண் குழந்தையாக இருந்தால் கல்யாணப் பயம். இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் சட்டமே இடம் கொடுத்தது. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் கால்கை வலிப்பைப் பைத்தியத்தோடு சேர்த்துத் தடையாக எழுதி வைத்திருந்தார்கள். 1999-ல் திருத்தம் கொண்டுவந்து அந்த வார்த்தையை நீக்கிவிட்டார்கள். சட்டம் விட்டுவிட்டது; நாம் விடவில்லை. மறைத்துக் கல்யாணம் செய்து கொடுத்த பெண், மாமியார் வீட்டில் மாத்திரை தின்ன முடியாமல் நிறுத்தி, வலிப்பில் விழுந்து தீக்காயம் பட்டதை நான் அறிவேன். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்கள் செய்தது தவறு. பெண் பிள்ளை பெரியவளானதும் எந்த மாத்திரை தொடரலாம் என்று டாக்டரிடம் மறுபடியும் கேட்க வேண்டும். சோடியம் வால்புரோயேட் போன்றவை கர்ப்பத்தில் சிசுவைப் பாதிக்கக் கூடியவை. மறைக்கிற வீட்டில் இந்தக் கேள்வியை யார் கேட்பார்கள்? பள்ளிக்கூடத்திலும் ஒரு வாத்தியாரிடமாவது சொல்லி வைப்பது பிள்ளைக்குப் பாதுகாப்பு. சொல்லாவிட்டால் அங்கேயும் யாராவது வாய்க்குள் கரண்டியை நுழைப்பார்கள்.

வலிப்பு நோயாளிகளில் 100-க்கு 70 பேர் சரியான மருந்தால் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. விலை உயர்ந்த மருந்து வேண்டுமென்பதுமில்லை. சாம்ராஜ்நகர் மாவட்டத்து எளந்தூரில் பெங்களூர் டாக்டர் கே. எஸ். மணியும் அவருடைய குழுவினரும் பீனோபார்பிடோன், பெனிடோயின் ஆகிய மலிவான மாத்திரைகளைக் கொண்டே கிராமத்து நோயாளிகள் பலருக்கு வலிப்பைக் கட்டுப்படுத்திக் காட்டி, 2001-ல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார்கள். 1974-ல் ஏற்பட்ட நிம்ஹான்ஸ் ஓசூர் ரோட்டில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரி. வெளியூர்க்காரர்கள் ராத்திரி ரயிலேறி இங்கே வருகிறார்கள். நாம் இங்கிருந்து பஸ் ஏறி ஊருக்குத் தாயத்துக்குப் போகிறோம். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு மனைவி மக்களின் வைத்தியமும் அதில் அடங்கும். அட்டையில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்க்காதவர்கள் அனேகம்.

மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. ஆறு மாதம் வரவில்லை, குணமாகிவிட்டது என்று நிறுத்துகிறோம். வழக்கமாகக் குறைந்தது இரண்டு வருஷம் வலிப்பே வராமலிருந்த பிறகு டாக்டர் சிறிது சிறிதாகக் குறைப்பார். திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமான, நிற்காத வலிப்பு வரலாம். நம்மவர்கள் வீட்டில் இது எப்போது நேர்கிறது என்றால் பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்குப் போகும்போது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாத பயணம். அதுவே வலிப்பைத் தூண்டும். மாத்திரை டப்பா பெங்களூரில் அலமாரியில் இருக்கும். ஊர் மருந்துக் கடையில் அந்தக் கம்பெனிப் பெயர் கிடைக்காது. ஆகவே புறப்படுவதற்கு முன்பு பத்து நாளுக்குக் கூடுதலான மாத்திரை, டாக்டர் சீட்டு, கம்பெனிப் பெயரோடு மருந்தின் சொந்தப் பெயரும் எத்தனை மில்லிகிராம் என்பதும் எழுதிய ஒரு தாள், இவற்றைப் பெட்டியில் போடாமல் தாயாரின் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.